பக்கத்துப் பெட்டி

கண்டெய்னரின் ஓட்டையை அடைக்க உள்ளே போன வெல்டர் கில்பர்ட்டை உள்ளே வைத்தே யாரோ பூட்டி, துறைமுக யார்டில் அடுக்கிவிட்டார்கள். அவன் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தான்.

"பெட்டி நம்பர் தெரியல மேடம். இடதுபக்கம் ஃப்ரீசர் பெட்டி உறுமுது. மேலருந்து கருவாட்டு வாடை வருது."

பெட்டிகளைக் கப்பலுக்குத் தூக்கிக்கொண்டிருந்த கிரேன்களில் எதை நிறுத்தச் சொல்லவும் பெட்டி எண் வேண்டும். கண்ட்ரோல் ரூமில் போனை எடுத்த முத்துக்கனி அவன் சொன்னதையே கணினியிடம் கேட்டாள். யார்டில் நீளம், அகலம், உயரமாக நின்ற பெட்டிகளெல்லாம் கணினிக்குள் ஒரே நீளப் பட்டியலாகக் கிடந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்துப் பெட்டியைத் தேடி, அது பட்டியலை மறுபடி மறுபடி முதலிலிருந்து படித்தது.

"பக்கம்னா என்னன்னே இதுக்குத் தெரியாதுண்ணே. கொஞ்சம் பொறுங்க."

நாற்பது நிமிடத்தில் விடை வந்தது.

"கண்டுபிடிச்சிட்டேண்ணே! ஏழாவது வரிசை, மூணாவது அடுக்கு!"

"உறுமல் நின்னுபோச்சு மேடம்," என்றான் கில்பர்ட். "பெட்டி அந்தரத்துல ஆடுது."