அக்கா பேரில் கொடுத்த ரத்தம்

பெரியவள் நாற்காலியில் சாய்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஈரப் போர்வைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக இதே கூத்துதான்.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி. கீழே சலவைக்கடை, மேலே வீடு. முப்பது வருஷமாக ஆளுக்கொரு கூடை தூக்கியவர்கள். பெரியவளுக்கு ஐம்பத்தெட்டு, சின்னவளுக்கு ஐம்பத்தைந்து.

இப்போது ஒருத்தி மட்டும் தூக்கினாள். இன்னொருத்தி உட்கார்ந்து பார்த்தாள். நன்றாயிருக்கிறதே நியாயம் என்று நமக்குத் தோன்றும். முழுக்கதை தெரிந்தால் இன்னும் கோபம்தான் வரும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், இறுகிப்போன ஜன்னலைப் பெரியவள் ஒரு தள்ளு தள்ளினாள். ஜன்னல் திறக்கவில்லை, மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தீட்டு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு கரையும், எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது ரத்தத்தில் தெரியும், காலையில் வெறும் வயிற்றோடு போய்க் கொடுங்கள் என்றார்.

அன்றோடு பெரியவளுக்குத் தூக்கம் போயிற்று. அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச்சேர்ந்தவள். எட்டு மாதமும் பீ மூத்திரம் அள்ளியது இவள்தான். தனக்கும் அதே கதி என்று காகிதத்தில் எழுதி வந்துவிட்டால்?

கடைசியில் சின்னவளிடம் போய் நின்றாள். சின்னவள் எதற்கும் அசராதவள். ஊசி என்றால் சிரித்துக்கொண்டே கை நீட்டுகிற ரகம்.

“என் பேர்ல நீ போய்க் குடுத்துட்டு வந்துடேன். அங்க சீட்டைத்தான் பாப்பாங்க, மூஞ்சியையா பாப்பாங்க?”

புத்தி கெட்டுப் போச்சா என்று சின்னவள் திட்டினாள். ஆனால் அக்கா அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் காலையில் போனாள், அக்காவின் பேரையும் வயசையும் சொன்னாள், ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டையும் அவளே போய் வாங்கி வந்து, ஒட்டிய கவரைக் கையில் கொடுத்தாள்.

பெரியவள் அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. எலும்பு ரொம்ப வேகமாகக் கரைகிறது, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை பாரம் தூக்கவே கூடாது, விழுந்தால் ஆபத்து என்றார்.

பெரியவளுக்கு முதலில் வந்த நினைப்பு, அப்பாடா, இது என் ரத்தம் இல்லை என்பதுதான். அதற்கப்புறம்தான் அது யாருடைய ரத்தம் என்று உறைத்தது.

உண்மையைச் சொன்னால் எல்லாரும் காறித் துப்புவார்கள். அதைவிட, மறுபடி சீட்டு எழுதி, இவள் கையிலேயே குத்தி, இவள் எலும்பையும் சோதிப்பார்கள். அதனால் சின்னவளிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். ரத்தத்தில் ஒன்றுமில்லையாம், மணிக்கட்டைப் பார்த்துத்தான் பாரம் தூக்காதே என்கிறார்கள் என்றாள். சின்னவள் தலையை ஆட்டிவிட்டு, அக்காவின் கூடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாலும் காது மட்டும் படிக்கட்டில்தான். பாதிப் பாதியாக எடுத்துப்போ என்று கெஞ்சினாள். வேலைக்கு ஆள் வைக்கச் சொல்லிப் புருஷனை நச்சரித்தாள். அவர், சின்னவள் கல்லு மாதிரி இருக்கா, நீ உன் உடம்பைப் பாரு என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டிப் படி நனைந்திருந்தது. சின்னவளின் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்து எப்படியோ நின்றுவிட்டாள்.

பெரியவள் எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மூட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, சின்னவளைப் படியில் உட்காரவைத்து, காலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“நான் பாவிடி. ரிப்போர்ட்டுல எலும்பு கரையுதுன்னுதான் போட்டிருக்கு. அது உன் ரத்தம். என் கையில குத்திடுவாங்கன்னு பயந்து மூணு நாளா மறைச்சுட்டேன். இப்பவே டாக்டரம்மாகிட்ட போறோம். எல்லாத்தையும் நானே சொல்றேன். என் கையிலயும் குத்தட்டும், வா.”

சின்னவள் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“ரிப்போர்ட் வாங்கினப்பவே லேப்ல இருந்த பொண்ணு விஷயத்தைச் சொல்லிட்டாக்கா.”

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்துமா இரண்டு கூடையைத் தூக்கினாய் என்று கேட்டாள்.

“தூக்கிட்டே இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும்னு நினைச்சேன். உங்க பேர்லதானே வந்திருக்கு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

பெரியவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றாள்.

சின்னவள் மெதுவாகச் சொன்னாள்: “உங்களுக்குப் பயம்னா அனுப்பறதுக்கு நான் இருந்தேன். எனக்குப் பயம்னா நான் யாரைக்கா அனுப்பறது?”