இல்லாத வார்த்தை

"டீச்சர் கேக்குறாங்கல்ல, வாயைத் திறந்து பதில் சொல்லு" என்று கணவன் செல்லமாக மனைவியின் தோளைத் தட்டினான்.

மடிக்கணினித் திரையில், ஊரின் மறுகோடியிலிருந்து டீச்சர் புன்னகைத்தார். மூன்று வாரமாக ஒரு வகுப்பு விடாமல் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கணவனை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவனுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல். கூடப் போக, அவளும் ஆங்கிலத் தேர்வில் தேறியாக வேண்டும்.

டீச்சர் சொற்களை வேர் பிடித்துச் சொல்லித்தருபவர். பான் என்று ஒரு கிரேக்கக் காட்டுத் தெய்வம். அது திடீரென்று அலறினால் ஆட்டு மந்தை மிரண்டு சிதறுமாம். அதிலிருந்து வந்ததுதான் 'பேனிக்'. லத்தீனில் டொமஸ் என்றால் வீடு. அதன் பிள்ளை 'டொமஸ்டிக்'. டீச்சர் பேசும்போதெல்லாம் கணவன் கைபேசியில் மூழ்கிக் கிடப்பான். மனைவி வாயெடுத்தால் மட்டும் நிமிர்வான்.

"இன்னிக்குக் கடைசி டெஸ்ட்மா. படிச்ச வேர்ச்சொல் ரெண்டை ஒட்டி, நீங்களே புதுசா ஒரு வார்த்தை செய்யுங்க. நீங்க இப்ப இருக்குற இடத்தைப் பத்தி இருக்கணும்."

கணவன் நிமிர்ந்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கொளுத்துகிற வெயிலிலும் அது சாத்தியே இருந்தது.

"டொமோகார்சர்."

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னடி இது, கார் கம்பெனி பேரு மாதிரி! அப்படி ஒரு வார்த்தையே கிடையாது."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள்.

"தப்பு. நீங்க ஃபெயில்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"வகுப்புக்கு வந்ததுக்கு ஒரு சான்றிதழ் மட்டும் தரேன். சார், வீட்டு முகவரி சொல்றீங்களா?"

தெரு, கதவு எண், எத்தனையாவது மாடி என்பது வரைக்கும் அவனே சொன்னான். மடிக்கணினியை மூடியதும், "என் மானத்தை வாங்கிட்ட" என்றான். அவ்வளவுதான். அன்று முழுக்க அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. தபால்காரர் என்று நினைத்து, மேல்பூட்டு, நடுப்பூட்டு, கீழ்ப்பூட்டு மூன்றையும் அவன் திறந்தான்.

டீச்சர் நின்றிருந்தார். பின்னால் இரண்டு பெண் போலீஸ்.

"சான்றிதழை நேர்லயே கொண்டு வந்துட்டீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தான்.

"டொமஸ்னா வீடு. கார்சர்னா ஜெயில், சார். கொஞ்சம் வழி விடுங்க."

அவன் இரண்டு கையாலும் வாசலை மறித்தான். "இவ எங்கேயும் வரமாட்டா. வெளிய போட்டுக்கிட்டுப் போக ஒரு செருப்புகூட இவகிட்ட கிடையாது. வேணும்னா கேட்டுப் பாருங்க!"

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெறுங்காலோடயே வரேன், டீச்சர்."