பழமலை முறை வந்தால்

"இந்தக் காலத்துல எவன நம்புறது சொல்லு? எதிர்ல நின்னு அண்ணேங்கிறான். அந்தாண்ட திரும்புனா வேலையக் காட்டுறான்!"

பழமலை இதை மருமகள் சிவசங்கரியிடம்தான் சொன்னார். ஆனால் குரல் சூளையோரம் நின்ற பாண்டியனைக் குறிபார்த்துப் போனது.

பீங்கான் பட்டறைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுச் சூளை அது. ஆளுக்கொரு முறை. யார் சரக்கு உள்ளே வேகிறதோ அவரே காவல் இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் வைத்து காஸை அளந்துவிட ஆரம்பித்த பிறகு, மற்றவர் முறையெல்லாம் ஒழுங்காக நடந்தது. பழமலை முறையில் மட்டும் சூளை பாதியில் நின்றது. ஏற்கெனவே இரண்டு தடவை சூடு இறங்கி, உள்ளே வெந்த பீங்கான் ஃபியூஸ் கட்டை அத்தனையும் வெடித்துப்போனது. அதனால்தான் இன்றைக்குச் சங்கரியும் கூட வந்திருந்தாள். சரக்கு ஏற்றிக்கொடுத்த பக்கத்துப் பட்டறை பாண்டியனும் போகாமல் நின்றார்.

அப்படியும் காஸ் நின்றுவிட்டது.

"யாரண்ணே சொல்றீங்க?" பாண்டியன் திரும்பினார்.

"பேரு சொன்னனா? உறுத்துறவன் எடுத்துக்கட்டும்."

"உங்க சரக்கு வெடிச்சா எனக்கு என்ன கெடைக்கும், பிரியாணியா?"

"சண்டைய அப்புறம் போடுங்க" என்றாள் சங்கரி, லேப்டாப்பைத் திறந்தபடி. பாண்டியனிடம் திரும்பி, "சின்ன மாமா, கை வால்வைத் திறந்து காஸ் விடுங்க. சூடு இறங்காம இருந்தாப் போதும்."

"அவன் கையிலயா குடுக்குற?"

"நீங்க கோவத்துல இருக்கீங்க மாமா. பேசாம உக்காருங்க."

சூளைப் புரோகிராம் தானாக ஓடாது. அதற்கு அடியில் இருந்து ஓட்டுவதற்கு ரன்டைம் என்று ஒன்று உண்டு. வீட்டிலிருந்தே கம்பெனிக்கு வேலை செய்யும் சங்கரி, அந்த ரன்டைமை எழுதியவர்களில் ஒருத்தி. சரக்கு வெடித்தால் பேச்சு வாங்குவதும் அவள்தான்.

"கோளாறு தெரியுதா, இல்ல சும்மா தட்டிக்கிட்டு இருக்கியா?"

"தெரியுது மாமா. உள்ள ரெண்டு திரெட்டு ஓடுது. ரெண்டு ஆளு தனித்தனியா ஒரே சூட்டக் கணக்குப் போடுற மாதிரின்னு வச்சிக்குங்க. ரெண்டு வெடையும் அச்சு அசலா ஒண்ணா இருந்தாத்தான் காஸ் போவும். துளி மாறுனாலும் நிறுத்திடும்."

"ஒரே கணக்குக்கு ரெண்டு வெடையா? அப்ப அதுல ஒருத்தன் திருடன்."

"திருடன் இல்ல. புள்ளிக்கு அப்புறம் ஒரு திரெட்டு நீளமாக் கணக்குப் போடுது. இன்னொண்ணு பாதியிலயே வெட்டி முடிச்சுக்குது. எத்தன எலக்கம் வரைக்கும் போடணும்னு ஆரம்பத்துல ரெண்டுக்கும் ஒரே அளவுதான் குடுத்திருக்கோம். வெளியிலேருந்து ஏதோ ஒண்ணு வந்து, ஒரு திரெட்டோட அளவ மட்டும் மாத்திட்டுப் போவுது."

"வெளியிலேருந்தா!" பழமலை பாண்டியனை முறைத்தார்.

"நான் வால்வப் புடிச்சிட்டு வெந்துகிட்டு இருக்கேண்ணே. விட்டுட்டு வரட்டா, பேசலாம்?"

பழமலை சூட்டுமானிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எது மாத்துதுன்னு தேட இப்ப நேரமில்ல" என்றாள் சங்கரி. "ஒவ்வொரு கணக்குக்கும் முன்னாடி ரன்டைமே அந்தத் திரெட்டுக்கு அளவ மறுபடி சொல்லிடட்டும். எது மாத்துனாலும் பழையபடி திரும்பிடும்."

"தெனம் புதுசா சொல்லணும்னா அது என்ன வேலக்காரன்? நிறுத்திட்டு வேற ஆளப் பாரு."

அவள் லேப்டாப்பில் குனிந்தாள். விரல்கள் ஓடின. பாண்டியனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. சூட்டுமானியின் முள் கொஞ்சம் இறங்கியது. அவர் வால்வை ஒரு மயிரிழை திருப்ப, முள் அங்கேயே நின்றது.

"திருத்தினத ஏத்திட்டேன். மெதுவா கைய எடுங்க சின்ன மாமா."

பாண்டியன் கையை எடுத்தார். உள்ளே தீ ஒரு தரம் பம்மியது. பிறகு நீலமாகச் சீறிப் பிடித்துக்கொண்டது.

டீ வந்தது. குடித்த டம்ளர்கள் திரும்பிப் போயின. முள் ஏறிக்கொண்டே இருந்தது, சூளை நிற்கவில்லை. வேகவேண்டிய சூட்டைக் காட்டும் சிவப்புக் கோட்டை முள் தொட்டபோது பாண்டியன் அப்படியே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சரக்கு பொழச்சுதுண்ணே. இனிமே வெடிக்காது."

பழமலை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு, பாண்டியனைப் பார்க்காமலே சொன்னார்: "வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போ."

"என்ன கொழம்பு?"

"கருவாடு."

"அப்படின்னா வரேன்."

சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். ஒரு திரெட்டின் அளவு மாறியது. அடுத்த நொடியே தானாகச் சரியாகியும்விட்டது. சூளை நிற்கவில்லை.

மேசைக்கு அடியில் எதுவோ கரகரவென்று ஓடியது. அவள் குனிந்து பார்த்தாள். அங்கே இருந்த சூளைக் கம்ப்யூட்டரின் பிரிண்டர் முன்னால் பழமலை குந்தியிருந்தார்.

"மாமா! போன ரெண்டு தடவையும் இப்படிச் சூட்டுக் கணக்கத் தாள்ல எடுத்தீங்களா?"

"எடுக்காம? தெரையில காட்டுறத எவன் நம்புவான்? இன்னிக்கும் நீங்க அசந்த நேரத்துல ஒண்ணு எடுத்தேன். ஒடனே காஸ் நின்னுபோச்சு."

"வேற யாராச்சும் இப்படி எடுப்பாங்களா?"

"நாங்க எதுக்கு எடுக்குறோம்?" என்றார் பாண்டியன். "தெரையிலதான் தெரியுதே."

"அந்தப் பிரிண்டரோட சாஃப்ட்வேருதான் மாமா, தாள் அடிக்கும்போதெல்லாம் திரெட்டோட அளவ மாத்திட்டுப் போயிருக்கு!"

பழமலை தாளை உருவி மடியில் செருகினார். "காயிதம் எடுத்தாக் கணக்கு கெட்டுப்போவுமா? கதையப் பாரு!" என்றபடி, பாண்டியனை ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.