உதடு மேல்நோக்கிய பூ

என் கணவர் தம் கடைசிக் கோடையில், பனிமலைச் சரிவில் ஓர் அரிய ஆர்க்கிட்டைக் கண்டார். பெரும்பாலான ஆர்க்கிட்களில் உதடு போன்ற இதழ் கீழே தொங்கும். இதில் மேல்நோக்கி இருக்கும். அவர் எடுத்த படம் கலங்கலாக இருந்தது. இன்னொருவரும் நேரில் பார்த்துச் சொன்னால்தான், அந்தக் கண்டுபிடிப்பைத் தாவரவியல்காரர்கள் என் கணவர் பெயரில் பதிவார்களாம். மறு கோடையில் கொழுந்தனாரோடு நான் ஏறினேன்.

"அண்ணன் ஒரு பூவையாவது சமதரையில கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா அண்ணி? என் முட்டி கழண்டுடுச்சு," என்று அவர் கீழேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

பூ இருந்தது. விரல்நுனி அளவுதான், வாடத் தொடங்கியிருந்தது. ஈரப் புல்லில் குப்புறப் படுத்து லென்சைப் பிடித்தேன். குளிரில் என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டேன். மறுபடியும் மங்கியது, இந்த முறை பூவின் பக்கமிருந்து. துடைக்கத் துடைக்க மங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அலுத்துப்போயிற்று.

"கொஞ்சம் மூச்சை அடக்குங்களேன்," என்றேன்.

கண்ணாடி தெளிந்தது. உதடு மேல்நோக்கித்தான் இருந்தது. இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஆசைதான். ஆனால் என் கணவரால் எப்போதுமே அதிக நேரம் தம் பிடிக்க முடியாது. லென்சை விலக்கிவிட்டேன்.