பழகின முகம்

மருத்துவமனை மேலாளர் வரவேற்பு ஊழியர்கள் போடும் நீலக் கோட்டைத் தானே எடுத்து வந்து எனக்குப் போட்டுவிட்டார். வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பெண்கள் இருபுறமும் நின்றார்கள்.

"நீங்க நடுவுல நில்லுங்கம்மா. கறுப்பு நிறத்தவங்களும் நம்மகிட்ட வேலை பாக்குறாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும். இந்தப் படத்தை வாசல்லயே பெரிசா மாட்டப் போறோம். நல்லா சிரிங்க."

சிரித்தேன். படம் எடுத்தாயிற்று.

"கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு வீல்சேர் தள்ளப் போங்கம்மா. நோயாளி காத்திருக்காரு."

"இந்த மேஜைக்குச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தப்போல்லாம் நானும் கேட்டேன் சார்."

"முன்னால உட்கார்றது ஜனங்களுக்குப் பழகின முகமா இருக்கணும்னு அப்பவே சொன்னேனே."

"வீல்சேர் தள்ளுறதுக்கு மட்டும் இந்த முகம் பரவாயில்லையா?"

"தள்ளுறப்போ நீங்க பின்னாலதானே நிக்கிறீங்க. அதுவுமில்லாம, சேவை பண்ண வந்தவங்களுக்கு எதுக்கும்மா சம்பள ஆசை?"

ஐந்து வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் தன்னார்வத் தொண்டு செய்கிறேன்; சல்லிக்காசு வாங்கியதில்லை.

கோட்டைக் கழற்றவில்லை. நேராகப் போய் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது? ஜனங்க வர்ற நேரம்."

"வரட்டும் சார். வாசல்ல பெரிசா மாட்டப் போறீங்கல்ல, பழகிடும்."