பாதிப் பாட்டு

பள்ளிக்கூடத்தின் முன்சுவரில் காலை வெயில் விழுகிறது. நாடு நாடாகப் பூட்டு விற்கும் கம்பெனியின் ஊழியர்கள் முப்பது பேர், நெஞ்சில் பூட்டுப் படம் போட்ட மஞ்சள் பனியனோடு, சமூகப் பொறுப்பு நாளுக்காக அந்தச் சுவருக்கு நீலம் பூசுகிறார்கள். போன வருஷம் ஒரு வங்கி வந்து பச்சை பூசிய அதே சுவர். ரோட்டிலிருந்து தெரிவது இது ஒன்றுதானே. ஒருவர் சுவரைவிடத் தன் காதுக்கே அதிகம் பூசியிருக்கிறார். புகைப்படக்காரர் எல்லோரையும் நெருக்கி நிறுத்துகிறார்; நடு இடம் மட்டும் காலி. "மேனேஜர் எங்கப்பா?" என்று அவர் கேட்கும்போதே பின்பக்கத்திலிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது. கழிப்பறைக் கதவை உள்ளேயிருந்து கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாரும் திறந்துவிடக் கூடாதே என்று மேனேஜர் தொண்டை கிழியப் பாடுகிறார். வெளியே விளக்குமாற்றோடு நிற்கும் ஆயா சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள்.

"பயப்படாம இருங்க சார், நான் காவலுக்கு நிக்கிறேன். எங்க பிள்ளைங்களும் இப்படித்தான் பாடும். தாழ்ப்பாள் போயி மூணு வருஷமாச்சு."

பாட்டு நிற்கிறது. வெளியே வந்த மேனேஜர் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகளைப் பார்க்கிறார். குனிந்து தன் பனியனில் இருக்கும் பூட்டையும் பார்க்கிறார்.

"போட்டோ கிடக்கட்டும். வேன்ல இருக்கிற தாழ்ப்பாள் சாம்பிள் பெட்டியை எடுத்துட்டு வாங்க."

அரைமணியில் புதுத் தாழ்ப்பாள் மின்னுகிறது. முதலில் உள்ளே ஓடிய ஒன்றாம் வகுப்புக்காரி பழக்கத்தில் பாடத் தொடங்குகிறாள். டக்கென்று தாழ் விழுகிறது. பாட்டு பாதியில் நிற்கிறது.