வீட்டையும் விசாரிக்கணும்

பாரம்பரியத் தெருப் பட்டியலிலிருந்து தன் வீட்டை நீக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தாள் உமையாள். நீக்கினால்தான் இடிக்க முடியும். அந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் அரசு கேட்கக் காதும் பேச வாயும் பொருத்தியிருந்ததால், வீட்டையும் விசாரிக்க வேண்டும் என்பது விதி.

"பாதுகாத்து வைக்கிற அளவுக்கு இங்க ஏதாவது நடந்திருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் அதிகாரி.

படுக்கையில் கிடந்த மாமியார் தண்ணீர் கேட்டுக் கேட்டே உயிர் அடங்கிப்போன மதியத்தில், எரிச்சலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவள் உமையாள். அது இந்த வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"விசேஷமா ஒண்ணும் நடக்கலைங்க" என்றது வீடு.

அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உமையாள் தலை நிமிராமல் வாசலுக்கு நடந்தாள்.

"வெயிலா இருக்கு ஆச்சி" என்றது வீடு. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."